தொட்டு எழுப்பும் படிப்புக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

ஆட்டையாம்பட்டி என்றால் எல்லோருக்கும் முறுக்கு ஞாபகம் வரும். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் ஏறியவர்கள் இறங்கி ஒரு பாக்கெட் வாங்காமல் போவதில்லை. அந்த முறுக்கைக் கையால் சுற்றுகிற பெண்களின் மணிக்கட்டு நாற்பது வயதுக்குள் என்ன ஆகிறது என்பது பாக்கெட்டில் எழுதியிருக்காது. காலையில் குடத்தைத் தூக்க முடியவில்லை என்பார்கள். தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் மாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். தறிக்கூடத்தில் பகலும் இரவும் நின்று ஓட்டுகிற ஆண்களுக்கு இடுப்பு. சூளைக்குப் போகிறவர்களுக்கு முழங்கால்.

அப்படி ஒரு வீட்டில்தான் சென்ற மாதம் உட்கார்ந்திருந்தேன். அம்மா முறுக்கு வேலை, அப்பா விசைத்தறி. மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்து பிளஸ் 2 முடித்திருக்கிறாள். இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி படிக்க வேண்டும் என்கிறாள். காரணம் அவள் பாட்டி. பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோன கிழவியைத் தேடி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பெண் வந்திருக்கிறார். கையை நீட்டி மடக்கி, கட்டிலில் திரும்பிப் படுக்கவைத்து, பிறகு சுவரைப் பிடித்து நிற்கவைத்துப் பழக்கினாராம். மாத்திரை ஊசி இல்லாமல் ஆளை எழுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு அதுவே ஆசையாகிவிட்டது.

வீட்டில் யாருக்கும் படிப்பில் மறுப்பில்லை. இடத்தில்தான் சண்டை. “இங்கயே சேலம் ரோட்டுல காலேஜ் இருக்குது, பஸ்ஸு வாசல்ல வந்து ஏத்திக்கிட்டுப் போவுது. எதுக்குச் சாமி திருச்சி, ஒடிசான்னு பேசற?” என்பது அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். இந்தப் பருவத்தில் சேலம், நாமக்கல் மாவட்டக் காலனிகளில் பல வீடுகளில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இதை விரிவாகவே பேசிவிடலாம்.

முதலில் பணம். பக்கத்துக் கல்லூரி என்றால் செலவு குறைவு என்று நாம் நினைப்பது விடுதிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் மிச்சம் என்ற கணக்கில். பி.பி.டி. என்பது நான்கு ஆண்டுப் படிப்போடு ஆறு மாதப் பயிற்சி சேர்ந்த நாலரை ஆண்டுப் படிப்பாக இருந்துவந்தது. தனியார் கல்லூரியில் அத்தனை ஆண்டுகளுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அரசுக் கல்லூரியில் கட்டணம் என்பது பெயருக்குத்தான். ஆனால் இந்தப் படிப்புக்கு அரசு இடங்கள் மிகக் குறைவு. திருச்சியில் அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் குடும்பத்துக்கு இரண்டுமே வெளியூர்.

“அதான் ஸ்காலர்ஷிப் இருக்குதே” என்று அப்பா குறுக்கே சொன்னார். இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் சாதி மாணவருக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அது எப்படி வருகிறது என்பதில்தான் சிக்கல். ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு பிரித்த புதிய முறையில், மாநிலப் பங்கு விடுவிக்கப்பட்ட பிறகு ஒன்றியப் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கல்லூரிக்குக் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு. கல்லூரி ஜூலையில் கேட்கும். பணம் எப்போது வரும் என்பதை வந்த பிறகுதான் சொல்ல முடியும். இடைப்பட்ட மாதங்களில் அரசுக் கல்லூரி மாணவி சில ஆயிரங்களைச் சமாளித்துவிடலாம். தனியார் கல்லூரியில் அது பெரும் தொகை. அந்த இடைவெளியை அடைக்கத் தறிக்காரரிடம் முன்பணம், வட்டிக்காரரிடம் கைமாற்று என்று இறங்கிய வீடுகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்தாகிவிட்டது. முன்பணம் வாங்கிய தறியை விட்டு வேறு தறிக்கு நகர முடியாது என்பது அப்பாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடையாது. “சீட்டுப் போட்டுத் தர்றோம், அட்வான்ஸ் கட்டுங்க, ஸ்காலர்ஷிப்பை நாங்களே வாங்கிக்கறோம்” என்று மே மாதமே வீட்டுக்கு வந்து பேசுகிற தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கலந்தாய்வு வழியாக வராத எந்த இடத்துக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. விடுதியில் தங்கிப் படித்தால் உதவித்தொகையில் பராமரிப்புப் படி கூடுதல். மறுவாழ்வுத் துறைப் படிப்புகள் வரும் இரண்டாம் பிரிவில் வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய், விடுதி மாணவருக்கு 9,500 ரூபாய். பெரிய தொகையில்லை. ஆனால் ஆதிதிராவிடர் நல விடுதியில், இப்போது 2025 ஜூலையிலிருந்து ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். விடுதிகளின் நிலை பற்றி இந்தப் பத்தியில் எழுதியதை மறந்துவிட்டுச் சொல்லவில்லை. கழிப்பறையும் சோறும் சரியில்லாத விடுதிகள் இன்றும் உண்டு. பெண்ணை அனுப்புவதற்கு முன் அப்பாவும் அம்மாவும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஒருநாள் கூலி போகும், போகட்டும்.

அடுத்தது, பணத்தைவிட முக்கியமானது: கல்லூரிக்குப் பின்னால் எந்த ஆஸ்பத்திரி நிற்கிறது? இந்தப் படிப்பைப் புத்தகத்தில் படித்துவிட முடியாது. எலும்பு முறிவு வார்டு, நரம்பியல் வார்டு, தீக்காய வார்டு, குழந்தைகள் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான உடம்புகளைத் தொட்டு, நகர்த்தி, நடக்கவைத்துத்தான் கை பழகும். கட்டடம் பளபளவென்று இருந்து வெளிநோயாளிப் பிரிவு காலியாக இருந்தால் படிப்புக் காலம் முழுவதும் பொம்மையை வைத்துத்தான் படிக்க வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பாமல், காலை பத்து மணிக்கு அதன் ஆஸ்பத்திரி வரிசையில் பத்து நிமிடம் நின்றாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் யாரையாவது டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம்.

பிசியோதெரபியோடு சேர்த்து ஆக்குபேஷனல் தெரபியையும் பிள்ளைகள் விண்ணப்பத்தில் பார்த்திருப்பார்கள். பெயர் புரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். விழுந்த கைக்கு அசைவைத் திருப்பித் தருவது முன்னது என்றால், அந்தக் கையால் மறுபடி சோறு பிசைய, பொத்தான் போட, தறியில் நூல் கோக்கப் பழக்குவது பின்னது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு அன்றாட வேலைகளில் உழைப்பவர்கள் இவர்கள். இந்தியாவில் இந்தப் படிப்பே ஒரு பெண்ணின் தூரப் பயணத்தில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்து, மராட்டியரான நிம்ப்கரை மணந்து இந்தியாவுக்கு வந்த கமலா நிம்ப்கர், இதற்காகவே திரும்ப பிலடெல்பியா போய்ப் படித்துவிட்டு வந்து 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். பிசியோதெரபி பள்ளியும் அதே மருத்துவமனையில் 1953இல் வந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். அறுவை மருத்துவராகி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் நல்ல தசைநாணை எடுத்து மாற்றிப் பொருத்தும் சிகிச்சையை அங்கே வளர்த்தார். கத்தி வேலை முடிந்த பிறகு, இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவை. அதைச் செய்தவர்கள் பிசியோதெரபி பழகியவர்கள். பெற்ற பிள்ளையே தொட அஞ்சிய கைகளைத் தினமும் மடியில் வைத்து நீவியவர்கள்.

அதே வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966இல் அவர் முயற்சியில் திறக்கப்பட்டது. நடக்க முடியாத ஒரு பெண் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போய் வந்தார் என்று சொன்னதும் மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சி.எம்.சி.யில் இரண்டு படிப்புகளுமே இருக்கின்றன. அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. அரசுக் கலந்தாய்வுக்குப் போட்டால் அதற்கும் போட்டதாகாது.

ஒடிசா எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லையே. கட்டாக் அருகே ஒலட்பூரில் சுவாமி விவேகானந்தர் பெயரிலான தேசிய மறுவாழ்வுப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொல்கத்தாவில் ஒன்று. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். எல்லாம் ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் வருபவை. பொது நுழைவுத் தேர்வு வழியே இவற்றில் பி.பி.டி., பி.ஓ.டி. சேரலாம். மாற்றுத்திறனாளிகள் நாடெங்கிலுமிருந்து சிகிச்சைக்கு வரும் இடங்கள், அதனால் கை நன்றாகப் பழகும். பட்டியல் சாதிக்கு 15 சதவீத ஒதுக்கீடு. வினாத்தாள் தமிழில் வராதது நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடையாக இருந்துவந்தது. வேறு மாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சொந்த மாநிலமே தர வேண்டும் என்பது விதி. அங்கே கொடுக்க வேண்டிய சாதிச் சான்றிதழ் ஒன்றிய அரசின் படிவத்தில், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். சேர்க்கை நாளன்று தமிழ்நாட்டுச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்கிற நிலை வரக் கூடாது.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இலிருந்து நடைமுறையில் உள்ளது. உச்ச நீதிமன்றமும் 2024 ஆகஸ்டில் உட்பிரிவு செய்வது செல்லும் என்று சொல்லிவிட்டது. 50 இடமுள்ள கல்லூரி என்று வைத்துக்கொண்டால் நமக்கு 9 இடம், அதில் அருந்ததியருக்கு ஒன்றோ இரண்டோ. அருந்ததியர் அதிகம் வாழும் நம் மாவட்டங்களில் உட்பிரிவு சரியாகக் குறிக்கப்படாத சான்றிதழால் அந்த ஒன்றையும் இழந்துவிடக் கூடாது. நல்ல மதிப்பெண் எடுத்தவர் பொதுப் பிரிவு இடத்துக்கே தகுதியானவர், அந்த இடத்தைத் தயங்காமல் எடுக்க வேண்டும். இத்தனை குறைந்த இடங்களை வைத்துக்கொண்டு “உள்ளூரில் கிடைத்தால் மட்டும்” என்று விருப்பப் பட்டியலைச் சுருக்கினால், அரசு இடம் கைநழுவி இன்னொருவருக்குப் போகும். சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால் சென்ற ஆண்டு அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பாமல் இந்த ஆண்டு அறிவிப்பையே படிக்க வேண்டும்.

கணக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. “பொட்டப்புள்ளைய அத்தனை தூரம் உட்டுட்டு, ஏதாச்சும் ஒண்ணுன்னா நாங்க எங்க போயி நிப்போம்?”

இந்தப் பயத்துக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. சேலத்துக்காரர்கள் யாரும் முத்துக்கிருஷ்ணனை மறந்திருக்க முடியாது. காவலாளி வேலை பார்த்தவரின் மகன். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்து, விடாமல் முயன்று தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இடம் பிடித்தவர். 2017 மார்ச் 13 அன்று தில்லியில் இறந்தார் என்ற செய்தி வந்தபோது நம் தெருக்களில் எத்தனை அம்மாக்கள் பிள்ளைகளின் விண்ணப்பத்தை மடித்து வைத்தார்களோ.

ஆனால் பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று யார் சொல்ல முடியும்? ஓமலூர் கோகுல்ராஜ் வெளி மாநிலம் எதற்கும் போகவில்லை. பொறியியல் படித்த பையன். ஆட்டையாம்பட்டி வழியாகப் போகும் இதே சாலையின் முடிவில் இருக்கும் திருச்செங்கோட்டில், அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து 2015 ஜூன் 23 அன்று கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 10 பேர் குற்றவாளிகள் என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 மார்ச் ஆனது. யாரோடு பேசுகிறாய், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கவனிக்கும் கண்கள் உள்ளூர்ப் பேருந்திலும் உள்ளூர் வகுப்பறையிலும் அதிகம். நம் தெருப் பெயரைக் கேட்டவுடன் சாதி தெரிந்துவிடும் தூரத்தில் படிப்பதும் ஒரு பாரம்தான். திருச்சியில் அது கொஞ்சம் குறையலாம், கட்டாக்கில் இன்னும் குறையலாம், வேறு வடிவில் வேறு யாராவது கேட்கவும் செய்யலாம்.

அதனால் தூரமா பக்கமா என்பதைவிட, போகிற இடத்தில் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று தேட வேண்டும். அந்தக் கல்லூரியில் நம் மாவட்டத்து மூத்த மாணவர்கள் உண்டா? எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான குறைதீர் பிரிவு பெயர்ப்பலகையோடு நிற்கிறதா, ஆள் உட்கார்ந்து கேட்கிறாரா? மொழி தெரியாத ஊரில் முதல் ஆறு மாதம் தோல்வி மதிப்பெண் வந்தால் அதை வீட்டில் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்கிறதா? “பணம் கட்டிப் படிக்க வைக்கிறோம்” என்ற வாக்கியத்தை வீட்டார் வாயிலிருந்து எடுத்துவிட்டால் அந்தத் தைரியம் தானாக வரும். திரும்பி வந்தாலும் வீடு திறந்திருக்கும் என்று வழியனுப்பும்போதே சொல்லிவிடுவது நல்லது.

படித்து முடித்த பிறகு வேலை என்ன என்று அப்பா கேட்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டார அளவில் இயன்முறை மருத்துவர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். பள்ளிக் கல்வியில் வட்டார வள மையங்கள் மூலம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் பணி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ சேவை மையங்கள் வந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ஊதியம் படிப்புக்கு ஏற்றதில்லை. அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 2021ஆம் ஆண்டு இணை மருத்துவத் தொழில்களுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இரண்டு தொழில்களையும் அதில் சேர்த்திருக்கிறது. பதிவுபெற்ற பட்டதாரிக்கும், ஆறு மாதச் சான்றிதழ் வாங்கி மின்சாரப் பெட்டியோடு கிளம்புகிறவருக்கும் உள்ள வேறுபாடு இனி சட்டப்படி நிற்கும். ‘பிசியோதெரபி பயிற்சி’ என்று பலகை மாட்டிய ஆறு மாத நிலையங்களில் நம் பிள்ளைகள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத எதிலும் சேர வேண்டாம்.

வேலையில் இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கல்லூரிக் கையேடு சொல்லாது. இது தொட்டுச் செய்கிற வேலை. வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி பழக்கம்: “எந்த ஊரு கண்ணு, ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?” கட்டிலில் கிடப்பவர் தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர். ஆனாலும் தன்னைத் தூக்கும் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். சிலர் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள், சிலர் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எது சரி என்று வெளியிலிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. நன்றாகப் பழகிய கை இருந்தால் பத்தாவது நாள் அந்த வீட்டார் வாசலில் நின்று காத்திருப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தக் கை பழக நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரி வேண்டும்.

இதைச் சொன்னபோது உள்ளறையிலிருந்து பாட்டி ஏதோ பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறும், பேத்திக்குத்தான் புரியும். என்னவென்று கேட்டேன். “தன்னைய எழுப்பி உக்கார வச்ச பொண்ணு எந்த ஊருன்னு கேக்கலியாம், போற அன்னிக்குத்தான் பேரே கேட்டுச்சாம்” என்றாள்.

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இ-சேவை மையம் ஐந்து மணிக்கு மூடிவிடும். வருமானச் சான்றுக்கும் ஒன்றிய அரசுப் படிவத்துக்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். அம்மா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மணிக்கட்டை மற்றக் கையால் நீவிக்கொண்டே கேட்டார்: “திருச்சிக்கு நாமக்கல்லுல எறங்கி மாறோணுமா, இல்ல நேர் பஸ்ஸு இருக்குதா?”